வழு தெரியும் இடமும் வழு இருக்கும் இடமும்

ஹட்டன் பகுதி இளைஞர்களிடமிருந்து தொழிற்பயிற்சி விண்ணப்பங்களை இணையவழியாகப் பெறும் ஒரு தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, விளங்கிக்கொள்ளக் கடினமான ஒரு முறைப்பாடு வந்தது. சில விண்ணப்பதாரிகளின் பிறந்த திகதி, அவர்கள் கொடுத்த திகதிக்கு ஒரு நாள் முன்னதாகப் பதிவாகியிருந்தது. எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. ஒரே லயத்து வீட்டிலிருந்து, ஒரே கைத்தொலைபேசியில் விண்ணப்பித்த அக்காவுக்குத் தவறாகவும் தங்கைக்குச் சரியாகவும் பதிவாகியிருந்தது. தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருப்பதால், திகதியும் இலக்கமும் பொருந்தாத விண்ணப்பம் போலி என்று ஒதுக்கப்படக்கூடும். வேலை தேடும் ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு நாள் மிகப் பெரியது.

என்னோடு வேலை செய்த தம்பி முதலில் அடையாள அட்டை இலக்கத்தையே சந்தேகித்தார். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்த இலக்கத்தில் நாட்கள் எண்ணப்படும்போது பெப்ரவரி மாதத்துக்கு எப்போதும் 29 நாட்கள் கொள்ளப்படுகின்றன. ஆகவே லீப் ஆண்டு அல்லாத ஆண்டில் மார்ச் மாதம் முதலாம் திகதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களின் நாள் எண், நாட்காட்டி எண்ணைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 சேர்க்கப்படும். இதை அறியாமல் எழுதப்பட்ட நிரல்கள் பல உண்டு. ஆனால் தவறாகப் பதிவானவர்களின் பட்டியலில் ஜனவரியில் பிறந்தவர்களும் இருந்தார்கள், சரியாகப் பதிவானவர்களிலும் மார்ச்சுக்குப் பின் பிறந்தவர்கள் இருந்தார்கள். எனவே அந்தச் சந்தேகத்தைக் கைவிட வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பட்டியல்களையும் பிறந்த ஆண்டின்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது எல்லை தெளிவாகத் தெரிந்தது. 1996 மே மாதத்தின் பிற்பகுதிக்கும் 2006 ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு மட்டுமே திகதி பின்வாங்கியிருந்தது.

இந்த நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டு எல்லைகளும் உடனே விளங்கும். மின்சாரப் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக 1996 மே 25 அன்று இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலமாக இருந்த வேறுபாடு ஆறரை ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அது ஆறு மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் நாடு மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. உலாவிகளும் இயங்குதளங்களும் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தொகுப்பில் இந்த மாற்றங்கள் அனைத்தும் கொழும்பு என்ற பெயரின் கீழ் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. அதனால், 2001 மார்ச் 10 என்று ஒருவர் தெரிவுசெய்தபோது, உலாவி அதை அந்நாளின் நள்ளிரவாகக் கொண்டு, அன்றைய வேறுபாடாகிய ஆறு மணித்தியாலத்தைச் சரியாகக் கழித்து, மார்ச் 9 மாலை 6 மணி என்று உலகப் பொது நேரத்தில் அனுப்பியது. சேவையகத்தில் இருந்த நிரலோ இலங்கை என்றால் எப்போதும் ஐந்தரை என்று எண்ணி, அதை மட்டும் கூட்டி, மார்ச் 9 இரவு 11.30 என்ற விடையைப் பெற்று, நேரத்தை வெட்டிவிட்டுத் திகதியை மாத்திரம் தரவுத்தளத்தில் எழுதியது. 2007 இல் பிறந்த தங்கைக்கு இரண்டு பக்கமும் ஐந்தரை என்பதால் கணக்கு நேர்ந்துவிட்டது.

உலாவியை மட்டும் சோதித்தால் அது சரியாகவே இயங்கியது. சேவையகத்தின் நிரலைத் தானாகச் சரிபார்க்கும் சோதனைகளும் ஒன்றுவிடாமல் தேறின, ஏனென்றால் சோதனைக்காக எழுதப்பட்ட திகதிகள் யாவும் அண்மை ஆண்டுகளுக்குரியவை. தவறு இரண்டில் எதற்குள்ளும் தெரியாமல், இரண்டும் ஒன்றைப் பற்றி வெவ்வேறு விதமாக எண்ணிக்கொண்டிருந்த அந்த இணைப்பில் இருந்தது. நான் பார்த்த வழுக்களில், அதாவது நிரலில் நேரும் தவறுகளில், மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்றே சொல்வேன். பிழைச் செய்தி ஓரிடத்தில் தோன்றும், அதற்கான காரணம் வேறோர் இடத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவில் இருக்கும். ஆகவே இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம், பிழைச் செய்தியைப் படித்தவுடன் அந்த வரியைத் திருத்த ஓடாமல், யாருக்கு நேர்கிறது, யாருக்கு நேரவில்லை என்ற இரண்டு பட்டியல்களை முதலில் எழுதுமாறு கேட்கிறேன். நேராதவர்களின் பட்டியலைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எல்லை தெரிய வேண்டுமானால் இரண்டும் வேண்டும்.

திகதி வழுவுக்கான நிவாரணம் எளிமையானது. பிறந்த திகதி என்பது ஒரு கணம் அல்ல, நாட்காட்டியிலுள்ள ஒரு நாள். அதற்கு நேரவலயம் தேவையில்லை. ஆண்டு, மாதம், நாள் என்ற எழுத்துவடிவிலேயே அதை அனுப்பி அப்படியே சேமித்தால் எந்தக் கடிகாரமும் அதைத் தொட முடியாது. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வழு, சோதனைகளுக்குள்ளேயே அடிக்கடி ஒளிந்திருக்கிறது. இன்றைய திகதியைப் பெறுவதற்கு, உலாவிகளில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் நேரப் பொருளை உலகப் பொது நேர எழுத்துவடிவத்துக்கு மாற்றி முதல் பத்து எழுத்துகளை வெட்டியெடுப்பது பலருடைய வழக்கம். இலங்கையில் நள்ளிரவு தொடங்கி அதிகாலை 5.30 வரை அந்த முறை நேற்றைய திகதியையே தரும். பகலில் வேலை செய்பவரிடம் அந்தச் சோதனை ஒருபோதும் தோற்காது. வெளிநாட்டு நிறுவனமொன்றுக்காக இரவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் தோற்கும். காலையில் திரும்பப் பார்க்கும்போது தேறிவிடும். அவர்களும் கணினியைக் குறைசொல்லி விட்டுவிடுவார்கள். பிளேரைட் என்ற சோதனைக் கருவியில் நேரவலயத்தைச் சோதனைக்கேற்ப அமைக்க வழி உண்டு. குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவிகளிலும் உணரிகள் என்ற பலகத்தில் இடத்தை மாற்றினால் நேரவலயமும் மாறும். எனவே திகதியைத் தொடும் சோதனைகளைக் குறைந்தது இரண்டு நேரவலயங்களிலும், 2001 போன்ற ஒரு பழைய ஆண்டிலும் ஓட்டிப் பார்ப்பதற்குக் கூடுதல் உழைப்பு எதுவும் தேவைப்படாது.

உருவாக்குநர் கருவிகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் அந்தப் பலகங்களில் சிவப்பு எழுத்துகள் தோன்றும் கட்டளைப் பலகத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்திலுள்ள வலையமைப்புப் பலகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பக்கம் அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையும், அதற்கு வந்த விடையும், எடுத்த நேரமும் அங்கே இருக்கின்றன. தோட்டத்தில் லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால், மலையிலுள்ள ஊற்றுக்கும் வாசலுக்கும் நடுவிலுள்ள ஒரு பொருத்தைத் திறந்து, அங்கே தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, வந்தால் கீழேயும் வராவிட்டால் மேலேயும் தேடுவார்கள். வலையமைப்புப் பலகம் அந்த நடுப் பொருத்து. கோரிக்கை புறப்படவே இல்லையென்றால் வழு பக்கத்தின் நிரலில் இருக்கிறது. புறப்பட்டு, 400 வரிசை எண்ணோடு திரும்பினால் அனுப்பியதில் ஏதோ குறை. 500 என்றால் சேவையகத்தின் நிரல் உடைந்திருக்கிறது, 502 அல்லது 504 என்றால் முன்னால் நிற்கும் இடைநிலைச் சேவையகத்துக்குப் பின்னாலுள்ளது விடை தரவில்லை. 200 என்ற நல்ல எண்ணோடு வந்தும் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால், மீண்டும் பக்கத்தின் நிரலுக்கே திரும்ப வேண்டும்.

இந்த முறை மிகவும் கைகொடுக்கும் இடம், புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் கோர்ஸ் பிழை. ஒரு முகவரியில் திறந்த பக்கம் வேறொரு முகவரியிலுள்ள சேவையகத்தின் விடையைப் படிக்க முயலும்போது, அந்தச் சேவையகம் தன் விடையின் தலைப்பகுதியில் அனுமதி தந்திருந்தால்தான் உலாவி விடையைப் பக்கத்திடம் ஒப்படைக்கும். தடை போடுவது உலாவி, சேவையகம் அல்ல. ஆகவேதான் அதே கோரிக்கையைப் போஸ்ட்மேன் போன்ற கருவியிலிருந்து அனுப்பினால் சிக்கலின்றி விடை வந்துவிடுகிறது. அதைக் கண்டு, “அண்ணே, போஸ்ட்மேன்ல வருதே, பிறகு உலாவியில ஏன் வரல்ல?” என்று கேட்காத மாணவர் இல்லை. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சேவையகத்தின் நிரல் நடுவில் உடைந்து 500 என்ற விடையைத் தரும்போது, அனுமதித் தலைப்பைச் சேர்க்கும் பகுதிக்கு அது சென்றடையாமலே போகலாம். அப்போது உலாவி அனுமதி இல்லை என்பதையே கட்டளைப் பலகத்தில் சிவப்பாக எழுதும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாறியதால் உண்டான கோளாறுக்கு, அனுமதித் தலைப்புகளை மணிக்கணக்காக மாற்றிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலையமைப்புப் பலகத்தில் நிலை எண்ணையும், சேவையகத்தின் பதிவேட்டில் அதே நிமிடத்துக்குரிய வரியையும் பார்த்தால் அந்த அலைச்சல் இல்லை. உலாவியின் இந்தப் பாதுகாப்பையே அணைத்துவிட்டு வேலை செய்யுமாறு சொல்லும் அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பின்பற்றக் கூடாது. உங்கள் கணினியில் மட்டும் திறந்துகொள்ளும் ஒரு கதவு, விண்ணப்பிக்கும் பிள்ளையின் கைத்தொலைபேசியில் திறக்கப் போவதில்லை.

இனி வேகத்தைப் பற்றி. மஸ்கெலியா, பொகவந்தலாவை, டயகம பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு, மலைச்சரிவின் ஒரு பக்கத்தில் நன்றாக இருக்கும் சமிக்ஞை மறுபக்கத்தில் இல்லாமற்போவது அன்றாட அனுபவம். வாசலில் ஏற்றப்பட்ட பக்கம் அடுப்படிக்குள் போனதும் நின்றுவிடும். இணையக் கருவிகளை உருவாக்குபவர்களோ பெரும்பாலும் தடங்கலற்ற இணைப்பில் இருப்பவர்கள். இந்த வேறுபாடு சோதனைகளில் முதலாவதாக வெளிப்படுவது, சிலவேளை தேறிச் சிலவேளை தோற்கும் நிலையற்ற சோதனைகளாகத்தான். பொத்தானை அழுத்திவிட்டு மூன்று விநாடி பொறுத்து விடையைத் தேடு என்று எழுதப்பட்ட சோதனை, கொழும்பிலுள்ள அலுவலகத்தில் நூறு முறை தேறும். இங்கே மழை நாளில் தோற்கும். விநாடியை ஐந்தாகவும் பத்தாகவும் கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல. கூட்டக் கூட்ட நல்ல நாட்களிலும் சோதனைத் தொகுப்பு ஆமை வேகத்தில் நகரும், கெட்ட நாட்களில் அப்போதும் தோற்கும். நேரத்துக்காகக் காத்திராமல் நிலைக்காகக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்: இந்த எழுத்து திரையில் தோன்றும்வரை, அல்லது இந்தக் கோரிக்கைக்கு விடை வரும்வரை. பிளேரைட்டும் சைப்ரஸ் என்ற இன்னொரு சோதனைக் கருவியும் இந்த எண்ணத்தின்மேலேயே கட்டப்பட்டவை. ஆயினும் அவற்றுக்கும் இயல்பான எல்லைகள் உண்டு. சைப்ரஸ் ஒரு பொருளைத் தேடி 4 விநாடி காத்திருக்கும். பிளேரைட் ஓர் எதிர்பார்ப்பு நிறைவேற 5 விநாடியும் முழுச் சோதனைக்கு 30 விநாடியும் தரும். இவை வேகமான இணைப்பை மனதில் கொண்டு வைக்கப்பட்டவை. இங்கிருந்து சோதிக்கும்போது இவற்றை அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் உயர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு சோதனைக்குள்ளும் தனித்தனியாக உயர்த்தினால், எது உண்மையில் மெதுவானது என்பது மறைந்துபோகும்.

தோற்ற சோதனையைத் தானாக மறுபடி ஓட்டும் வசதியையும் நான் சந்தேகத்துடனேயே பார்க்கிறேன். மூன்றாவது ஓட்டத்தில் தேறிய சோதனை பச்சை நிறத்தில் காட்டப்படும்போது, முதல் இரண்டு தோல்விகளையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் அந்த இரண்டு தோல்விகளே பயனரின் அனுபவம். அவர் மூன்று முறை முயல்வார் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. பிளேரைட்டில் தோற்ற ஓட்டத்தின் தடப்பதிவைச் சேமித்து, ஒவ்வொரு படியிலும் திரை எப்படி இருந்தது, எந்தக் கோரிக்கை நடுவில் நின்றது என்று பின்னர் பார்க்க முடியும். முதல் தோல்விக்கே அந்தப் பதிவை எடுக்கும்படி அமைத்துவிட்டு, மறு ஓட்டத்தை அதன் பின் அனுமதிப்பது நல்லது.

மெதுவான இணைப்பு காட்டித் தரும் வழுக்களில் மிக முக்கியமானது இரட்டைப் பதிவு. சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்திய பிள்ளைக்குத் திரையில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் இன்னொரு முறை அழுத்துவது இயற்கை. முதல் கோரிக்கை உண்மையில் சென்றடைந்திருக்கும், திரும்பி வந்த விடைதான் வழியில் தொலைந்திருக்கும். இப்படி ஒரே ஆளின் பெயரில் இரண்டு விண்ணப்பங்கள் சேர்கின்றன. பொத்தானை உடனே செயலிழக்கச் செய்வது பாதித் தீர்வு மட்டுமே, ஏனென்றால் பக்கத்தைப் புதுப்பித்தால் பொத்தான் மீண்டும் உயிர்பெறும். படிவம் திறக்கும்போதே ஒரு தனித்த அடையாளத்தை உருவாக்கி, அதைக் கைபேசியிலேயே சேமித்து, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்பி, அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் பழைய விடையையே சேவையகம் திருப்பித் தர வேண்டும். இதைச் சோதிப்பதற்குக் கோரிக்கையை இடைமறிக்கும் வசதியைப் பயன்படுத்தி, கோரிக்கையைச் சேவையகம் வரை செல்லவிட்டு, திரும்பும் விடையை மட்டும் கைவிடச் செய்யலாம். குரோமிலுள்ள வேகக் கட்டுப்பாடு இதற்குப் போதாது. அது இணைப்பை மெதுவாக்கிக் காட்டும், அல்லது முழுதாக அறுத்துக் காட்டும். பாதி வழியில் அறுந்துபோகும் இணைப்பை, அதாவது நம் மலைகளில் உள்ளபடியான இணைப்பை, அது அப்படியே காட்டுவதில்லை.

தமிழ் எழுத்துகளால் வரும் வழுக்கள் தனி உலகம். கொட்டகலை என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். படிப்பவருக்கு அதில் ஐந்து எழுத்துகள். கணினிகள் எல்லா மொழி எழுத்துகளையும் எண்களாகக் குறிக்கும் யுனிகோட் முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், ஜாவாஸ்கிரிப்டிடம் அதன் நீளத்தைக் கேட்டால் எட்டு என்று சொல்லும். சிலவேளை ஒன்பது என்றும் சொல்லும். எட்டும் ஒன்பதும் திரையில் கொஞ்சமும் வேறுபாடின்றித் தெரியும் என்பதுதான் இதில் சிக்கல். கொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் நிற்கும் எகரக் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் தனித்தனியே தட்டியும் எழுதலாம். யுனிகோட் விதிப்படி இரண்டும் சமமானவை, ஆனால் வெறும் ஒப்பீட்டில் சமமானவை அல்ல. தட்டச்சு முறையைப் பொறுத்து ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் ஊர்ப்பெயரை எழுதிவிடுவதால், தேடலில் பாதிப் பேர் காணாமற்போவார்கள். சோதனைக் கருவியோ, எதிர்பார்த்தது கொட்டகலை, கிடைத்தது கொட்டகலை, ஆகவே தோல்வி என்று எழுதும். அப்படியொரு செய்தியைக் கண்டால் கண்ணை நம்பாமல் இரண்டு சரங்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்துகளை இயல்பாக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது; உள்ளே வரும் ஒவ்வொரு தமிழ்ச் சரத்தையும் சேமிப்பதற்கு முன் அதன் வழியாக அனுப்பினால் இந்த வழு முற்றாக நீங்கும். ஒளகாரத்தின் கதை வேறு. பௌர்ணமி என்பதை முன்கொம்பும் ளகரமும் சேர்த்து எழுதுபவர்கள் உண்டு. அது பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் யுனிகோட்டுக்கு வேறு சொல்லே, இயல்பாக்கும் வசதி அதைத் திருத்தாது. அதற்கென்று தனி விதி எழுத வேண்டும்.

பெயர்ப் புலத்தில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம் என்று கட்டுப்பாடு விதிக்கும் வடிவக்கோவைகளும், அதாவது உள்ளீட்டின் வடிவத்தைச் சரிபார்க்கும் விதிகளும், இதே இடத்தில் தவறுகின்றன. பழைய வகைக் கோவைகள் லத்தீன் எழுத்துகளை மட்டுமே எழுத்தாகக் கருதுகின்றன. யுனிகோட்டின்படி எழுத்து என்ற வகையைக் கேட்கும் புதிய கோவைகளும்கூட, புள்ளியும் உயிர்க்குறிகளும் குறி என்ற வேறொரு வகையில் அடங்குவதால், கமலா என்ற பெயரை அதன் இறுதிக் காலுக்காக நிராகரிக்கும். எழுத்து, குறி இரண்டையும் அனுமதித்தால்தான் தமிழ்ப் பெயர் உள்ளே வரும். உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தியிலும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்: ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும் ஒரு குறுஞ்செய்தியில் தமிழுக்கு 70 குறிகள்தான் அடங்கும், அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகிச் செலவும் கூடும். ஆங்கிலப் பெயரால் மட்டும் சோதிக்கப்பட்ட தளத்தில் இவற்றில் ஒன்றுமே தெரியாது. சோதனைத் தரவில் கொட்டகலையையும் பௌர்ணமியையும் வைத்திருக்குமாறு நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நிறுவலின்போது வரும் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை எரிச்சலூட்டினாலும் ஆழமற்றவை. விண்டோஸ் கணினியில் தெரியும் படம் சேவையகத்தில் தெரியாவிட்டால், கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, சேவையகத்தில் ஓடும் லினக்ஸ் பொருட்படுத்தும். ஒருவருடைய கணினியில் ஓடும் திட்டம் இன்னொருவரிடம் ஓடாவிட்டால், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் என்ற மென்பொருளின் பதிப்பையும், பொதிகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பையும் ஒப்பிட வேண்டும். 2021 ஒக்டோபரில் வந்த நோட் 17 இலிருந்து இரண்டு மாற்றங்கள் பலரைக் குழப்பின. ஒன்று, அதிலிருந்த புதிய மறையாக்க நூலகம் பழைய முறையொன்றை ஏற்க மறுத்ததால் கோப்புகளைத் தொகுக்கும் கருவியான வெப்பேக் 4 கொண்ட திட்டங்கள் எழும்பவில்லை. மற்றது, ஒரு கணினி தன்னையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் இணைய முகவரி முறையான ஐபியின் ஆறாம் பதிப்பு முகவரியாக முதலில் விளங்கிக்கொள்ளப்படலாம் என்பதால், நான்காம் பதிப்பு முகவரியில் மட்டும் காத்திருக்கும் சேவையகத்தோடு இணைப்பு மறுக்கப்பட்டது. இரண்டாவது கோளாறு இன்றும் வருகிறது. 127.0.0.1 என்று முகவரியை எண்ணாலேயே எழுதினால் தொடர்பு கிடைத்துவிடுகிறதா என்று பார்த்தால் விடை தெரியும். செலினியம் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு, உலாவி தானாகப் புதுப்பித்துக்கொண்டு, அதைக் கருவியோடு இணைக்கும் இயக்கி பழையதாகவே நிற்பதால் சோதனை தொடங்காமலே நின்றுபோவது நெடுநாள் தொல்லையாக இருந்தது. செலினியம் 4.6 இலிருந்து பொருத்தமான இயக்கியைத் தானே தேடிக்கொள்ளும் வசதி வந்துவிட்டதால், பழைய பதிப்பில் தங்கியிருப்பவர்கள் மேலே வருவதே வழி.

மலையகத்துக் கணினி நிலையங்களில் அடிக்கடி காணும் ஒரு கோளாறை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நன்கொடையாக வந்த பழைய மேசைக் கணினிகளில் தாய்ப்பலகையின் சிறிய மின்கலம் செத்துப்போயிருக்கும். மின்சாரம் நின்று வந்ததும் அக்கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று உலாவி எல்லாத் தளங்களையும் மறுக்கும்; நோட்டின் பொதி நிறுவியான என்பிஎம் மூலம் பொதிகளை நிறுவுவதும் அதே காரணத்தால் தோற்கும். அதைக் கண்டு பதறி, சான்றிதழ் சரிபார்ப்பை அணைக்கும் கட்டளையைத் தட்டும் மாணவர்கள் உண்டு. அந்த அமைப்பு அப்படியே நிலைத்துவிடும். பிறகு அந்தக் கணினி யாரிடமிருந்து எதைப் பதிவிறக்குகிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. திரையின் ஓரத்திலுள்ள ஆண்டைப் பார்த்து, கடிகாரத்தைத் திருத்தி, புதிய மின்கலம் ஒன்றை வாங்கிப் போட்டால் போதும்.

திருத்தி ஏற்றிய பக்கம் இன்னும் பழையபடியே தெரிகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பொதுவாக, முன்பு இறக்கிய கோப்புகளை உலாவி வைத்துக்கொள்ளும் இடைச்சேமிப்பே காரணம். உருவாக்குநர் கருவிகளில் இடைச்சேமிப்பை நிறுத்தும் தெரிவு, அந்தக் கருவிகள் திறந்திருக்கும்வரைதான் செயற்படும். ஆகவே உருவாக்குபவர் புதியதைக் காண்பார், பயனர் பழையதைக் காண்பார். பக்கத்தைப் பயனரின் கருவியிலேயே சேமித்துத் தரும் பின்னணிப் பணியாளர் எனப்படும் சேவிஸ் வேர்க்கர் இருக்கும் தளத்தில், எல்லாத் தாவல்களும் மூடப்படும்வரை பழைய பணியாளரே பதவியில் இருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொல்லைக்காக அதை நீக்கிவிடுவோம் என்று சிலர் சொல்லும்போது நான் உடன்படுவதில்லை. தரவுக்குக் காசு எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு, ஒருமுறை இறங்கிய பக்கம் மறுமுறை செலவின்றித் திறப்பது பெரிய உதவி. புதிய பதிப்பு வந்திருக்கிறது, புதுப்பிக்கவும் என்று ஒரு வரியைக் காட்டுவதும், கோப்புகளின் பெயரில் உள்ளடக்கத்துக்கேற்ற அடையாளத்தைச் சேர்ப்பதும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

இவை எதிலும் அடங்காமல், போன மாதம் சரியாக இருந்தது, இப்போது இல்லை என்று மட்டும் தெரிந்த வழுக்கள் எஞ்சும். அவற்றுக்கு, நிரலின் மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைக்கும் கிட் என்ற கருவியிலுள்ள இருகூறுத் தேடலைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன், இளையவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் அதையே. சரியாக இருந்த ஒரு பதிப்பையும் கெட்டுப்போன ஒரு பதிப்பையும் காட்டினால், நடுவிலுள்ள பதிப்பை அது எடுத்துத் தரும். அது நல்லதா கெட்டதா என்று சொன்னால் எஞ்சியதில் பாதியை ஒதுக்கிவிடும். ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவிலும் ஏறத்தாழப் பத்துப் படிகளில் குற்றவாளி மாற்றம் கையில் கிடைக்கும். வழுவைக் காட்டும் ஒரு சிறு சோதனையை எழுதி அதனிடம் கொடுத்துவிட்டால் தேடலைத் தானாகவே நடத்தும்: சோதனை பூச்சியத்தோடு முடிந்தால் நல்லது, ஒன்றோடு முடிந்தால் கெட்டது, அந்தப் பழைய பதிப்பைக் கட்டவே முடியவில்லையென்றால் 125 என்ற எண்ணைத் திருப்பித் தந்து அதைத் தாண்டிச் செல்லச் சொல்லலாம். சோதித்த பதிப்புகளின் விடைகள் திட்டக் கோப்புறைக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுவதால், இடியோடு மழை பிடித்து நடுவில் மின்சாரம் போனாலும், மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை மீண்டும் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.